விக்ளிஃபுக்கு ஓர் ஆமென்

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று கோயில் கமிட்டியில் மானம் போனது.

ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளி வகுப்பறையில் கூடினோம். மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மணிக்கூண்டுக்குச் சுண்ணாம்பு, கிணற்றுக்கு வலை என்று பேச்சு நத்தையாய் ஊர்ந்து, அக்டோபர் கடைசி ஞாயிறு வரும் சீர்திருத்தத் திருநாள் நாடகத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். ஐயர் சொன்னார்: போன வருடம் லூத்தர் தன் கண்டனத் தாளைக் கதவில் வைத்து ஆணி அடித்த வேகத்தில் கோயில் கதவு, அதைத் தாங்கிய தட்டி, எல்லாம் முன்வரிசைப் பிள்ளைகள்மேல் சாய்ந்துவிட்டது. அதனால் இந்த வருடம் லூத்தர் வேண்டாம். அவருக்கும் முந்தியவர், விக்ளிஃப் என்று இங்கிலாந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் எழுதி வைத்ததைப் படித்து, எங்கோ இருக்கிற பிராக் நகரத்துப் பல்கலைக்கழகத் தத்துவ வாத்தியார்கள் ஆடிப்போனார்கள். அதை நாடகமாக்க வேண்டும். யார் பொறுப்பு?

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான், கண் மூடி உட்கார்ந்திருந்த நான் "ஆமென்" என்றேன். மெதுவாக அல்ல, அடிவயிற்றிலிருந்து.

கமிட்டியே சிரித்தது. "மைக்செட்காரரு கடைசி ஜெபம் முடிஞ்சிட்டுன்னு முழிச்சிட்டாரு" என்றார் ஒருவர். குறட்டை கேட்டதாக இன்னொருவர் சாட்சியே சொன்னார். ஐயர் மட்டும் சிரிக்காமல் என் பெயரை எழுதிக்கொண்டார்.

"ஆமென் சொன்னா சொன்னதுதான், பாக்கியமுத்து."

பிளஸ் டூவில் இரண்டு முறை தவறியவன் நான். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். ஊரில் எல்லோர் பேச்சையும் பெரிதாக்கிக் கொடுப்பேன். என் பேச்சு பெரிதானது இன்றைக்குத்தான்.

செய்தி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. "வாய மூடிட்டுத் தூங்கக்கூடத் தெரியலையா ஒங்களுக்கு?" என்றாள் வீட்டுக்காரி எமிலி. மகள் பெர்சிஸ் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. ஆனால் ஜன்னல் திறந்துதான் இருந்தது. கேட்டிருக்கும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்ட ஏணியில் ஏறினேன். இறங்கும்போது முழங்கால் வேறு யாருடையதோ போல இருந்தது.

பெண் வீட்டார் கேட்டார்கள், "மக இன்னும் லீவுலதான் இருக்காளா?" ஆமாம் என்றேன். அது பொய்யில்லை. பெர்சிஸ் அந்தப் பிராக் நகரத்தில்தான் மூன்றாம் வருட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஜூனில் ஒரே ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். பல்கலைக்கழகத்தில் அக்டோபர் முடிய விடுப்பு. அதற்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் இடம் போய்விடும். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஏன் வந்தாள் என்று கேட்டால், "முடியலப்பா" என்பாள். எங்கே வலிக்கிறது என்று சொல்லாத பிள்ளையை எந்த டாக்டரிடம் காட்டுவது?

ஜூலையில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடம் பேசி, பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி அவள் பேச ஏற்பாடு செய்தேன். பெர்சிஸ் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. பிறகு வந்து, "எனக்காக யாரும் எதையும் ஏற்பாடு பண்ணாதீங்கப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

அவள் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று இங்கே எழுத வேண்டியதில்லை. இந்த டைரி சாப்பாட்டு மேஜையில் கிடப்பது. எமிலி படிப்பாள், சில இடங்களில் திருத்தியும் இருக்கிறாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நாடகத்தின் முதல் காட்சியை நானே எழுதினேன். விக்ளிஃப் கப்பலில் வந்து பிராக் நகரத்தில் இறங்குகிறார். "பேரன்பு கொண்ட பிராக் வாழ் பெருமக்களே!" என்று ஆரம்பிக்கிறார். எமிலி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இது விக்ளிஃபா, வார்டு கவுன்சிலரா?"

காகிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டேன். எடுத்து வைக்கவும் அலுப்பாக இருந்தது.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் பார்த்தால் என் காகிதத்தில் பென்சிலால் ஒரு வரி: "விக்ளிஃப் பிராக்குக்குப் போனதே இல்லை. அந்த ஊருக்குக் கடலும் இல்லை."

பெர்சிஸ் கையெழுத்து.

செப்டம்பர் 21, சனி

ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். பெர்சிஸ் குடோனுக்கு வந்தாள். அவள் வாசலைத் தாண்டி வந்தே மாதக்கணக்காகிறது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்த குருவியை யாராவது உற்றுப் பார்ப்பார்களா?

"அப்பா, அவரு போகல. அவரு எழுதினதுதான் போச்சு. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்க வந்த செக் நாட்டுப் பையன்க கையால எழுதி எழுதி ஊருக்குக் கொண்டுபோனாங்க. ரெண்டு பேரு அவரு கல்லறையில ஒரு சில்லையும் பேத்துட்டுப் போனதாச் சொல்லுவாங்க."

"கல்லறையவா? கமிட்டி சும்மா விட்டுச்சா?"

உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று எழுத மாட்டேன்.

"வேதத்த ஜனங்க பாஷையில கொடுக்கணும்னு சொன்னாரே, அதுக்கா அந்த வாத்தியார்க ஆடிப்போனாங்க?" என்று கேட்டேன். ஞாயிறு பள்ளியில் படித்தது அவ்வளவுதான்.

"மொதல்ல அது இல்லப்பா. தத்துவந்தான்." சுற்றிலும் பார்த்தாள். "இந்தா தொங்குதே, இதுக்கு என்ன பேரு?"

"ஸ்பீக்கர்."

"அந்த மூலையில கெடக்குறது?"

"அதுவும் ஸ்பீக்கர்தான். தொண்டை போயிட்டு."

"ரெண்டுக்கும் பொதுவா ஸ்பீக்கர்னு ஒண்ணு சொல்லுதோம்லா, அது வெறும் பேருதானா? இல்ல, பேருக்குப் பின்னால நெசமாவே ஒண்ணு இருக்கா?"

"குடோன்ல ஏழு இருக்கு. ஒண்ணு மணியாச்சிக்கு வாடகைக்குப் போயிருக்கு."

இப்போது சிரித்தேவிட்டாள். சத்தமில்லாமல், ஆனாலும் சிரிப்பு. பிராக்கில் இருந்த ஜெர்மன் வாத்தியார்கள் பெரும்பாலும் வெறும் பெயர் என்ற கட்சியாம். விக்ளிஃப், இல்லை, நிஜமாகவே இருக்கிறது, கடவுளின் மனதில் இருக்கிறது என்றாராம். செக் வாத்தியார்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அதுல என்ன லாபம்?" என்று கேட்டேன். வியாபாரி புத்தி.

"சபைன்னா வெறும் பேருன்னு வச்சுக்கோங்க. அப்போ இங்க இருக்கதுதான் சபை, பேச்சு முடிஞ்சுது. ஆனா நெசமான சபைன்னு ஒண்ணு இருந்தா, இத அதுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்து, 'இது சரியில்ல'ன்னு சொல்லலாம்லா? தத்துவத்துல ஆரம்பிச்சது தெருவுக்கு வந்தது அப்படித்தான்."

அவள் போன பிறகு அந்தத் தொண்டை போன ஸ்பீக்கரைக் கொஞ்சநேரம் பார்த்தேன். கடவுளின் மனதில் அப்பா என்று ஒருவர் நிஜமாக இருந்தால், அவருக்குப் பக்கத்தில் என்னை வைத்தால், நான் மூலையில் கிடக்கிற உருப்படி.

செப்டம்பர் 22, ஞாயிறு

நாடகத்தை அவளே எழுதுகிறாள். நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஒத்திகை. பல்கலைக்கழகத் தலைவராகத் தங்கையா உபதேசியார் நடிக்கிறார். கோயிலில் முப்பது வருடமாக வேதபாடம் வாசிப்பவர் அவர்தான். பிரச்சினையும் அதுதான். எதைக் கொடுத்தாலும் வேதபாடமாகவே வாசிக்கிறார்.

கதைப்படி, 1403இல் பிராக் பல்கலைக்கழகத்தில் விக்ளிஃபின் கருத்துகள் என்று நாற்பத்தைந்தை வாசித்துக் கண்டனம் செய்கிறார்கள். நாங்கள் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். உபதேசியார் ஒவ்வொன்றாக வாசிக்க, கறுப்பு அங்கி போட்ட நாலு வாலிபர்கள் "கண்டிக்கிறோம்!" என்று கத்த வேண்டும்.

"அண்ணாச்சி, இதக் கோவமா வாசிக்கணும்" என்றாள் பெர்சிஸ்.

"கோவமாத்தான்ம்மா வாசிக்கேன்" என்றார் அவர், பரலோகத்துக்கே கேட்கிற சாந்தமான குரலில்.

ஒத்திகை முடிந்ததும் பெர்சிஸ் மேடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பாள், காட்சி மாறும்போது மைக்கில் ஊர் பேரும் வருடமும் சொல்வாள். முன்னால் மட்டும் வர மாட்டாள். அதை இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

மழை. ஈரச் சாக்கு வாசனை அடிக்கிற குடோனில் நானும் அவளும். கல்லறைச் சில்லுக்கு ஒரு கருங்கல் துண்டு தேடிக்கொண்டிருந்தோம். கையில் எடுத்த கல்லைப் பார்த்துக்கொண்டே, தானாகச் சொன்னாள்.

ஏப்ரலில் அவள் துறையில் ஒரு கூட்டம். விக்ளிஃபைப் பற்றி அவள் எழுதியதை எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னாள். முடிவில் யாரோ ஒரு கேள்வி கேட்டார். பெரிய கேள்விகூட இல்லை.

"பதில் தெரியும்ப்பா. நல்லாத் தெரியும். நாக்கு எழும்பல. எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு புரொபசர் எந்திரிச்சு வந்து தண்ணி குடுத்தாரு. குடிச்சேன். அப்பவும் எழும்பல. தம்ளர வச்சிட்டு வெளிய வந்தவதான்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மைக் மௌனமானால் எனக்குத் தெரியும்: ஒயரைப் பார், பின்னைப் பார், பியூஸைப் பார். இதற்கு எங்கே கை வைப்பது?

"யாரும் ஏசலையா?" என்றேன்.

"இல்ல. ரொம்ப நல்லா நடந்துக்கிட்டாங்க. அதான்."

கல்லை என் கையில் கொடுத்தாள். நல்ல கல். மாவாட்டுகிற ஆட்டுரலில் உடைந்த துண்டு.

அக்டோபர் 13, ஞாயிறு

எல்லாம் நின்றுவிடும் போலிருந்தது.

ஐயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பேராயரின் கீழுள்ள சபைகளெல்லாம் சேர்ந்த திருமண்டலத்துக்குத் தேர்தல் வருகிறது. சுவரெல்லாம் நோட்டீஸ். "மூணாவது கருத்து வேண்டாமே, பாக்கியமுத்து. 'கொடிய பாவத்தில் இருக்கிறவரை எந்தப் பேராயரும் பேராயர் அல்ல' அப்படின்னு மேடையில வாசிச்சா, யாரச் சொல்லுதோம்னு ரெண்டு கட்சியும் கேப்பான்."

"அறுநூறு வருசத்துக்கு முந்தி சொன்னதுல்லா ஐயா."

"தொப்பிய யாரு தச்சதுன்னு எவனும் பாக்க மாட்டான். தலைக்குச் சரியா இருக்குதான்னுதான் பாப்பான்."

பெர்சிஸிடம் சொன்னேன். "அத எடுத்தா நாடகமே வேண்டாம்ப்பா" என்று மாடிக்குப் போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை ஜூலைக்குப் பிறகு நான் மறந்திருந்தேன். எமிலி என்னைப் பார்த்தாள். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

சாயங்காலம் குடையோடு ஐயர் வீட்டுக்குத் திரும்பப் போனேன். "ஐயா, அந்தக் கருத்த வாசிக்கிறது எதுக்கு? கண்டிக்கிறதுக்கு. உபதேசியார் வாசிப்பாரு, நாலு பேரு 'கண்டிக்கிறோம்'னு கத்துவாங்க. நம்ம மேடையில அது தப்புன்னுதானே தீர்ப்பு?"

ஐயர் தாடையைத் தடவினார். "அப்போ நம்ம அதுக்கு விரோதம்."

"நூத்துக்கு நூறு."

"அப்போ சரி."

நனைந்துபோய் வீடு வந்தேன். மாடிப்படியில் நின்று "ஐயர் சம்மதிச்சிட்டாரு" என்றேன். தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம் கேட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

காய்ச்சல். நனைந்ததற்குச் சம்பளம்.

அக்டோபர் 23, புதன்

"இன்னும் ஒரு வாரந்தான இருக்கு, கேட்டாத்தான் என்ன?" என்றாள் எமிலி. கேட்காதே என்றேன். "நீங்க எதத்தான் கேட்டிருக்கீங்க, கல்யாணத்துக்கு முந்தி பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமான்னுகூட கேக்கல" என்றாள். உண்மைதான். பலனை முப்பத்தொரு வருடமாகச் சாப்பிடுகிறேன். இதை அவள் படிக்கட்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

உடம்பில் சத்தில்லை. இருந்தாலும் இன்றையதை இன்றே எழுத வேண்டும்.

மழை விட்டிருந்தது. கோயில் வளாகம் நிறைய ஜனம். பந்தலில் நாலு, வேப்பமரத்தில் இரண்டு என்று ஆறு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். பேருந்து நிலையம்வரை கேட்கும். முன்வரிசையில் ஐயர், தேர்தலில் நிற்கிற இரண்டு கட்சிக்காரர்கள், நடுவில் ஒரு காலி நாற்காலி.

முதல் இரண்டு காட்சியும் நன்றாகப் போயின. செக் மாணவர்கள் இருவரும் கல்லறைச் சில்லை உயர்த்திக் காட்டியபோது கைதட்டல்கூட வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து பெர்சிஸின் குரல்: "பிராக் பல்கலைக்கழகம். 1403." அவ்வளவுதான், மைக்கை நிறுத்திவிட்டாள்.

உபதேசியார் சுருளை விரித்தார். கோபமாக வாசிக்க வேண்டும். முப்பது வருடப் பழக்கம் விடுமா?

"தேவ வசனத்தைப் பிரசங்கிக்க, எந்தக் குருவானவரும் மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை."

கடைசி வார்த்தையை, பாடம் முடிக்கிறவர் இறக்குவதுபோல, அழகாக இறக்கினார். கறுப்பு அங்கி வாலிபர்கள் வாயைத் திறக்குமுன் சபை மொத்தமும் சொன்னது: "ஆமென்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. உபதேசியாருக்குப் புரியவே இல்லை. அடுத்ததை வாசித்தார்.

"சபைத் தலைவர்கள் சொத்துச் சேர்ப்பது வேதத்துக்கு விரோதம்."

"ஆமென்!" இது இன்னும் பெரிது. பெண்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

நிறுத்தச் சொல்லிக் கை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கொடிய பாவத்தில் இருக்கிறவரை, எந்தப் பேராயரும் பேராயர் அல்ல."

"ஆமென்." அந்த ஆமெனில் ஒரு குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஐயர். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு கட்சிக்காரர்களும் அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களும் சொல்லியிருந்தார்கள்.

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பி அடங்கியது. உபதேசியார் கையில் மிச்சம் ஒரே வரி: "இவை யாவும் கண்டிக்கப்பட்டன." ஊரே ஆமென் சொன்னதை அவர் எப்படிக் கண்டிப்பார்? சுருளைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். வாலிபர்கள் அவரைப் பார்த்தார்கள். யாருக்கும் நாக்கு எழும்பவில்லை. ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.

அந்த மௌனத்தை நான் குடோனில் கேட்டிருக்கிறேன். மழைநாளில் ஒரு கருங்கல்லோடு.

ஆம்ப்ளிஃபயரில் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. திரைக்குப் பின்னால் மைக்கை யாரோ போட்டிருக்கிறார்கள். மூச்சு கேட்டது. மூச்சு மட்டும். என் விரல் சத்தம் கூட்டுகிற திருகின்மேல் இருந்தது. வேகமாகத் திருகினால் ஸ்பீக்கர் வீல் என்று கத்தும். மயிரிழை மயிரிழையாகத் திருகினேன்.

"பிராக்லயும்…" என்றது குரல். நின்றது. மறுபடி மூச்சு. "பிராக்லயும் இப்படித்தான் ஆச்சு."

இன்னும் கொஞ்சம் திருகினேன்.

"வாசிச்சது கண்டிக்கிறதுக்குத்தான். ஓட்டும் அப்படித்தான் விழுந்துச்சு. ஜெர்மன் வாத்தியார்க ஜெயிச்சாங்க. ஆனா கேட்டுக்கிட்டு இருந்த செக் வாத்தியார்க பல பேருக்கு அது தப்பாத் தெரியல. மனசுக்குள்ள ஆமென் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் புத்தகத்தக் கொளுத்தினாங்க. ஹஸ்னு ஒரு வாத்தியாரக் கம்பத்துல கட்டிக் கொளுத்தினாங்க. விக்ளிஃப் செத்து நாப்பது வருசத்துக்கு மேல ஆயிருந்துச்சு, அவரு எலும்பத் தோண்டிக் கொளுத்திச் சாம்பல ஆத்துல விட்டாங்க. அந்த ஆமென மட்டும் யாராலயும் திரும்ப வாங்க முடியல."

"ஏட்டி பெர்சிஸு, முன்னால வந்து சொல்லேன், மூஞ்சி தெரியல!" பெண்கள் பக்கத்திலிருந்து அவளுடைய சித்தி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மூஞ்சி ஒங்களுக்குத் தெரிஞ்சதுதான சித்தி. இங்ஙன இருந்தே சொல்லுதேன்" என்றது குரல். ஜனம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள், மைக்கை அணைக்காமல். அவள் சிரிப்பு ஆறு குழாயிலும் புறப்பட்டு, வேப்பமரத்தைத் தாண்டி, பேருந்து நிலையத்துக்குப் போனது. டீ ஊற்றிக்கொண்டிருந்த எமிலி கெட்டிலைக் கீழே வைத்தாள்.

பிறகு பெர்சிஸ் பத்து நிமிடம் பேசினாள். வெறும் பெயரா நிஜமா என்பதையும் சொன்னாள். உதாரணத்துக்கு என் ஏழு ஸ்பீக்கரும், மணியாச்சிக்குப் போன ஒன்றும் வந்தன. ஊர் சிரித்தது. சிரிக்கட்டும்.

முடிந்ததும் ஐயர் வந்து காதோடு சொன்னார், "பழக்கதோசத்துல வந்துட்டு, பாக்கியமுத்து."

"ஆமென் சொன்னா சொன்னதுதான் ஐயா" என்றேன்.

அக்டோபர் 28, திங்கள்

காலையிலிருந்து மாடியில் தட்டச்சு சத்தம். மத்தியானம் இறங்கி வந்து, "அம்மா, என் கம்பளிக் கோட்ட எங்க வச்சீங்க?" என்றாள். இந்த ஊரில் கம்பளிக் கோட்டுக்கு என்ன வேலை? எமிலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தாள்.

நவம்பர் 6, புதன்

தூத்துக்குடி விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்தோம். பெட்டியில் கருப்பட்டி, முறுக்கு, ஆட்டுரல் துண்டு. "சோதனையில கேட்டா என்னன்னு சொல்லுவ?" என்றேன். "விக்ளிஃப் கல்லறைன்னு சொல்லுவேன்" என்றாள். பயமில்லாமல் இல்லை அவள். கை குளிர்ந்திருந்தது. ஜனவரியில் அதே கூட்டத்தில் மறுபடி நிற்க வேண்டுமாம். நாக்கு எழும்பினால் எழும்பும்.

உள்ளே போகுமுன் சொன்னாள், "அப்பா, அன்னைக்குக் கமிட்டியில நீங்க தூங்கலைன்னா இதெல்லாம் நடந்திருக்குமா?"

"தூக்கத்துக்கு எங்க நேரங்காலம் தெரியுது?"

"கொறட்ட வேற விட்டீங்களாம்."

"சாட்சி இருக்கு" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் திரும்பிக் கை காட்டினாள். பிறகு தெரியவில்லை.

பேருந்துக்கு நிற்கும்போது எமிலி, சாலையைப் பார்த்தபடியே சொன்னாள், "முப்பத்தோரு வருசத்துல நீங்க உக்காந்துக்கிட்டுத் தூங்கி நான் பாத்ததே இல்ல."

"பஸ் வருது" என்றேன். வரவில்லை.

எமிலி உள்ளே மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்தால் வந்து இதைப் படிப்பாள். அதற்குள் எழுதிவிடுகிறேன். என் மகளிடம் எல்லாம் சொன்னேன்: சாப்பிடு, குளிருக்குக் காதை மூடு, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அன்று நான் தூங்கவில்லை.